நெய்வேலி மேடு, கொள்ளிடப் பள்ளம்

சிவில் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு பக்கம் போயிருந்தா ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளில் பாதி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். "காங்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகப் பகுதியளவு ......... பயன்படுத்துதல்." அந்தப் புள்ளி வைத்த இடத்தில் காப்பர் ஸ்லாக், குவாரி டஸ்ட், கிரானைட் தூள், இரும்புத் தாதுக் கழிவு, உடைத்த கண்ணாடி, தேங்காய்ச் சிரட்டை என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கலாம். 10, 20, 30 சதவீதம் கலந்து, 150 மில்லிமீட்டர் க்யூப் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 7-ம் நாள், 14-ம் நாள், 28-ம் நாள் எடுத்து மெஷினில் வைத்து உடைத்தால் ப்ராஜெக்ட் முடிந்தது. 20 சதவீதத்தில் ஸ்ட்ரென்த் கொஞ்சம் ஏறியிருக்கும், 40-ல் இறங்கியிருக்கும். கடைசிப் பக்கம் எல்லா ரிப்போர்ட்டிலும் ஒன்றுதான்: "எனவே இது சுற்றுச்சூழலுக்கு உகந்தது."

எங்கள் டீம் தலைப்பும் இந்த ரகம்தான், அதனால் யாரையும் கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. எனக்குச் சண்டை அந்த "எனவே"யோடு மட்டும்தான். சுரங்கக் கழிவை எடுத்து வீடு கட்டலாம் என்பது நல்ல யோசனை. எந்தக் குவியலில் இருந்து எடுக்கிறோம், எடுத்த பிறகு எந்த ஆற்றில் மணல் அள்ளுவது குறைந்தது என்று கேட்காமல் அந்த "எனவே"யைப் போடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்டால், ஊர்தான் காரணம். நான் பாபநாசம். (அருவி, அணை இருக்கிற பாபநாசம் இல்லைங்க, அது திருநெல்வேலிப் பக்கம். ஹாஸ்டலில் நாலு வருஷமா இதைச் சொல்லி வாய் வலிக்குது.) தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் இருக்கிற பாபநாசம். எங்கள் பக்கம் நிலத்தைத் தோண்டினால் களிமண் வரும், மணல் வரும், தண்ணீர் வரும். பாறை வராது. ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, கூம்பு மாதிரி, கிட்டத்தட்ட 400 வருஷம் ஆச்சு. அது செங்கல் கட்டடம். டெல்டாக்காரன் கையில் என்ன இருந்ததோ அதை வைத்துக் கட்டினான்: மண்ணைச் சுட்டான், சுண்ணாம்பு அரைத்தான், ஆற்றில் மணல் எடுத்தான்.

காங்கிரீட் வந்த பிறகும் மணல் அதே ஆற்றிலிருந்துதான் வந்தது. அளவுதான் மாறிவிட்டது. 1,000 சதுர அடி வீட்டுக்கு அஸ்திவாரம் முதல் பூச்சு வரை 15 முதல் 20 யூனிட் மணல் ஆகும் என்பது கான்ட்ராக்டர்கள் போடும் தோராயக் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, எடையில் சுமார் நாலரை டன். அதாவது ஒரு நடுத்தர வீட்டுக்கு 70, 80 டன் ஆறு. உலகம் முழுக்க மணலும் சரளையுமாக ஆண்டுக்கு 5,000 கோடி டன் எடுக்கிறோம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. தண்ணீருக்கு அடுத்து மனுஷன் அதிகம் எடுக்கிற பொருள் இதுதான்.

ஆற்றுமணல் வெறும் கட்டுமானப் பொருள் இல்லை என்பது சிவில் படிக்காதவர்களுக்கும் புரியும். மணல் படுகை ஒரு ஸ்பாஞ்ச். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடாத மாசத்திலும் படுகைக்குள் தண்ணீர் நிற்கும். பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அந்தப் படுகையில் கிணறு இறக்கித்தான் நடக்கின்றன. படுகை இறங்கினால் தண்ணீர் மட்டம் இறங்கும், கடல் பக்கம் உப்பு மேலே ஏறும், பாலத்தின் தூண் அஸ்திவாரம் வெளியே தெரியும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளில் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். அதே மாதத்தில் திருச்சி பழைய கொள்ளிடம் பாலமும் இடிந்தது. மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். கட்டுமானம் பழசு என்று சொல்லி அரசு அதை மறுத்தது. யார் பக்கம் எவ்வளவு உண்மை என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். தூணைச் சுற்றி மண் அரித்தால் தூண் நிற்காது என்பதை நமக்கு ஐந்தாவது செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2017 நவம்பரில், தமிழ்நாட்டின் ஆற்றுமணல் குவாரிகள் எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. நடந்ததா என்றால், அது வேறு கதை. ஆனால் அந்தச் சமயத்தில்தான் எம்-சாண்ட் எங்கள் ஊர்ப் பக்கம் நிஜமாகவே நுழைந்தது.

எம்-சாண்டைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கிறது. அதைக் கழிவுன்னு நினைக்கிறோம். ஆரம்பத்தில் கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது மிஞ்சிய தூள்தான் விலைக்கு வந்தது. அது கழிவு, சரி. இப்போது நல்ல எம்-சாண்ட் என்பது மணலுக்காகவே பாறையை உடைத்து, மெஷினில் முனைகளை மழுக்கி, தூளைக் கழுவி எடுப்பது. புதுக்கோட்டையிலும் பெரம்பலூரிலும் கரூரிலும் ஒரு குன்று குறையும்போதுதான் பாபநாசத்தில் ஒரு மாடி ஏறுகிறது. ஆற்றுப் பள்ளத்தை மலைப் பள்ளமாக மாற்றியிருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2023-ல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தரம் பார்த்து ஒப்புதல் தரும் முறையும் இருக்கிறது. இருந்தும் வெறும் கிரஷர் டஸ்ட்டை எம்-சாண்ட் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போகிற லாரிகள் குறைந்தபாடில்லை.

போன லீவில் எங்கள் தெருவில் வேலை பார்த்த கொத்தனாரிடம் கேட்டேன். "தம்பி, ஆத்து மணலுன்னா கரணையில வழுக்கிக்கிட்டுப் போவும். இது நெறநெறன்னு நிக்கிது. தண்ணி கூட ஊத்தச் சொல்றான் சித்தாளு, ஊத்துனா காஞ்சதும் வெடிக்கிது. நீங்கதான் படிச்சிருக்கீங்க, சொல்லுங்க" என்றார். நாம் லேபில் ஒர்க்கபிலிட்டி என்று ஸ்லம்ப் கோனில் அளப்பதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எந்த மாற்று மணலும் கடைசியில் இந்த அண்ணன் கரணையில் பாஸ் ஆகணும். நம் ரிப்போர்ட்டில் அவருக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். பாபநாசத்திலிருந்து கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சுமார் 90 கிலோமீட்டர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து தொடங்கும் கதை எல்லாருக்கும் தெரியும். 1956-ல் நிறுவனம் ஆனது. நமக்கு வேண்டியது அந்தக் கறுப்புக்கு மேலே இருப்பது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மேலேயே கிடைப்பதில்லை. அதன்மேல் 50 மீட்டருக்கும் அதிகமாக, சில இடங்களில் 100 மீட்டரைத் தொடும் அளவுக்கு மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும் படிந்திருக்கிறது. இதைத்தான் ஓவர்பர்டன் என்கிறோம். தமிழில் மேல்மண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் இந்த மேல்மண்ணை அகற்ற வேண்டும். ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி என்றால் அகற்றுவது 10 கோடி கன மீட்டருக்கு மேல். யூனிட் கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்க, கால்குலேட்டர் ஸ்க்ரீன் நிரம்பும்.

அந்த மேல்மண்ணில் பெரும்பகுதி கடலூர் மணற்கல் என்ற அடுக்கைச் சேர்ந்தது. பேரிலேயே மணல் இருக்கிறது. அதாவது ஆற்றுமணலுக்காக நாம் அடித்துக்கொள்கிற அதே ரோட்டில், 90 கிலோமீட்டர் தள்ளி, மணல் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. களிமண்ணைக் கழுவி நீக்கி, சல்லடை போட்டு, அளவு பிரித்தால் கட்டுமான மணல். என்.எல்.சி. தன் சுரங்கம் 1ஏ பகுதியில் மேல்மண்ணிலிருந்து மணல் எடுக்கும் ஆலையைத் தொடங்கியிருக்கிறது. நிலக்கரி அமைச்சகம் மற்ற நிலக்கரி நிறுவனங்களையும் இதே வழியில் தள்ளுகிறது. நாக்பூர் பக்கம் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் இப்படிப் பிரித்த மணலைப் பிரதமர் வீட்டு வசதித் திட்ட வீடுகளுக்குக் கொடுத்தது.

கேட்கும்போது லட்டு மாதிரி இருக்கு இல்லையா? எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. டெல்டாவுக்கு எம்-சாண்ட் எப்படியும் வெளி மாவட்டத்திலிருந்துதான் வருகிறது, நெய்வேலியும் கிட்டத்தட்ட அதே தூரம். குன்று உடைக்க வேண்டாம். ஆறு தோண்ட வேண்டாம். ஏற்கெனவே தோண்டிப் போட்டதை எடுத்தால் போதும்.

இங்கேதான் 28 நாள் க்யூப் நம்மை ஏமாற்றும்.

முதலில் களிமண். உடைக்காத இயற்கை மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 3 சதவீதம்தான் இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 சொல்கிறது. பாறையை உடைத்து எடுத்த மணலுக்கு 15 வரை அனுமதி. ஏன் இந்த வித்தியாசம்? கல்தூள் பெரும்பாலும் சும்மா இருக்கும். களிமண் சும்மா இருக்காது, தண்ணீரைக் குடித்து உப்பும், சிமென்ட்டுக்கும் மணலுக்கும் நடுவில் படலம் போல உட்காரும். நெய்வேலி மணலை நாம் எம்-சாண்ட் என்று கூப்பிட்டாலும் அது உண்மையில் கழுவி எடுத்த இயற்கை மணல். அதற்கு எந்த வரம்பை வைக்கப் போகிறோம், 3-ஆ 15-ஆ? பேரை மாற்றினால் வரம்பும் மாறிவிடும் என்றால் அது வீடு கட்டுபவர் தலையில் விழும். வீட்டில் வேலை நடந்தால் நீங்களே சோதிக்கலாம்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி மூணு மணி நேரம் வைத்துவிடுங்க. மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.

இரண்டாவது, நேரம். அயர்லாந்தில் டொனெகல் என்று ஒரு மாவட்டம். அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளின் காங்கிரீட் பிளாக் சுவர்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. விரலால் சுரண்டினால் தூளாகக் கொட்டுகிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வீட்டு அஸ்திவாரங்களுக்கு அதே கதி. அங்கே ஒரு குவாரிக் கல்லில் பைரோடைட் என்ற இரும்பு-கந்தகத் தாது இருந்தது. காற்றும் ஈரமும் பட்டால் அது மெதுவாக வேதிமாற்றம் அடைந்து உப்பும், காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெளியே தெரிய 10, 20 வருஷம் ஆகும். அந்த காங்கிரீட்டில் க்யூப் போட்டிருந்தால் 28-ம் நாள் சந்தோஷமாகப் பாஸ் ஆகியிருக்கும். நிலக்கரி அடுக்கை ஒட்டிய மண்ணில் கந்தகத் தாதுக்கள் இருக்க வாய்ப்பு உண்டு என்பது ஜியாலஜி பாடம். அதனால் "நெய்வேலி மணல்" என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது. மேலடுக்கு மணலா, நிலக்கரிக்குப் பக்கத்து மணலா என்று கேட்கணும். ஒவ்வொரு லோடுக்கும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பில்லில் இருக்கணும். ஆற்று மணலுக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை, ஏனென்றால் ஆறு பல நூறு கிலோமீட்டர் உருட்டி, கழுவி, பலவீனமானதைக் கரைத்துவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தந்தது. அந்த வேலையை இப்போது ஒரு ஆலை சில நிமிஷத்தில் செய்யப் பார்க்கிறது.

லேபுக்கு வெளியே என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம், கோலார் தங்க வயல். கர்நாடகத்தில் இருந்தாலும் அது நம் கதைதான். மூணு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பங்கு வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். அந்தச் சுரங்கத்துக்கு 1902-ல் கரண்ட் போனது சிவசமுத்திரத்திலிருந்து, அதாவது நம்ம காவிரியிலிருந்து. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய தூள் 3 கோடி டன்னுக்கு மேல் ஊரைச் சுற்றி மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். அந்தத் தூளில் செங்கல் செய்யலாமா என்று ஆராய்ந்து 2007-லேயே கட்டுரை வந்துவிட்டது. சிமென்ட் கலந்து செய்த கல்லுக்கு 20 சதவீதம் சிமென்ட் தேவைப்பட்டது, ஸ்ட்ரென்த் வந்தது, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. மண் கலந்து சுட்ட கல் மலிவாக வந்தது. ஆக, வழி இருந்தது. கட்டுரையும் இருந்தது. மேடும் அப்படியே இருக்கிறது. செய்யச் சொல்லி யாருக்கும் கட்டாயமில்லை, வாங்கச் சொல்லி யாருக்கும் கட்டாயமில்லை, அவ்வளவுதான்.

கட்டாயம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளை ஆஷ் சாட்சி. கண்டிப்பாகச் சொன்னால் அது சுரங்கக் கழிவு இல்லை, அனல் மின் நிலையச் சாம்பல், ஆனால் அதே குடும்பம். 1999-ல் மத்திய அரசு அறிவிக்கை போட்டது: அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்கணும். பிறகு தூரமும் கூடியது, விதியும் இறுகியது. சிமென்ட் கம்பெனிகளுக்குச் சாம்பல் கலந்தால் லாபம் என்று புரிந்தது. இன்று கடையில் சிமென்ட் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துத் தருவது பி.பி.சி. மூட்டை. அதில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கலாம். உங்கள் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது, உங்களுக்கே தெரியாது. இதை நடத்தியது க்யூப் ரிசல்ட் இல்லை. சட்டம், பி.ஐ.எஸ். தரம், விலை மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன. இந்த மூன்றும் நெய்வேலி மணலுக்கு வரணும். குறிப்பாகப் பொதுப்பணித்துறை விலைப் பட்டியலில் ஒரு வரி வரணும். பட்டியலில் பெயர் இல்லாத பொருளை எந்த அரசு கான்ட்ராக்டரும் தொடமாட்டார், நாம் எத்தனை ஜர்னலில் பேப்பர் போட்டாலும்.

ஐ.எஸ். 383 ஏற்கெனவே கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. 2016 திருத்தத்தில் காப்பர் ஸ்லாக்கை நுண்சேர்மமாகக் கம்பி போட்ட காங்கிரீட்டில் 35 சதவீதம் வரை சேர்க்கலாம். பழைய காங்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பி போட்ட காங்கிரீட்டில் 20 சதவீதம் வரை, எம்25 கிரேடு வரை சேர்க்கலாம். (ஒரு க்யூப் 8 கிலோ. ஒரு டீம் 27 க்யூப் போட்டால் 200 கிலோவுக்கு மேல். வருஷத்துக்கு எத்தனை டீம்? நம் லேபுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பற்றியும் யாராவது ப்ராஜெக்ட் பண்ணுங்கப்பா.)

சரி, இவ்வளவும் டெக்னிகல். எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில்.

2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். தஞ்சாவூர் மாவட்டம் அதில் இருக்கிறது. 2023 ஏப்ரல் வாக்கில் நிலக்கரி ஏலப் பட்டியலில் மூன்று புதிய பெயர்கள் வந்தன: சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒன்று, ஒரத்தநாடு பக்கம் வடசேரி, கொள்ளிடத்துக்கு அக்கரையில் மைக்கேல்பட்டி. மூன்றிலும் அடியில் பழுப்பு நிலக்கரி. ஊரே கொந்தளித்தது, சட்டசபையில் பேசினார்கள், முதலமைச்சர் கடிதம் எழுதினார், சில நாளில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் கால்வாய் தோண்ட என்.எல்.சி. இயந்திரங்கள் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் இறங்கியதை நீங்களும் போனில் பார்த்திருப்பீங்க.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள், நிலத்துக்கு அடியிலிருந்து நிலக்கரியை எடுக்கவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு பட்டியல் வரும்போது, "பாருங்க, இந்தச் சுரங்கத்தில் கழிவே கிடையாது, மேல்மண்ணெல்லாம் மணலாகப் போகிறது, உங்கள் ஆறும் பிழைக்கும்" என்று ஒரு ஸ்லைடு போடுவார்கள். அந்த ஸ்லைடுக்கு அடியில் ஆதாரமாக நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி ஒன்று இருக்கும். கழிவுக்கு விலை வந்தால் அது கழிவு இல்லை, இன்னொரு விளைபொருள். அப்போது குழி தோண்டுவதற்கு இரண்டு லாபம்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கமுடியாது. பிரேசிலில் 2019 ஜனவரி 25 அன்று புருமடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அதே வாலே நிறுவனம் இரும்புத் தாதுக் கழிவிலிருந்து மணல் தயாரித்து விற்கிறது. நல்ல காரியம், அணையில் தேக்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இரும்பு தோண்டுவது அதனால் குறைந்ததா? மணல் விற்பது தோண்டுவதை நிறுத்துவதற்காக இல்லை, நிம்மதியாகத் தோண்டுவதற்காக.

இன்னொன்றையும் சொல்லியாகணும். மேல்மண் முழுக்கக் கழிவும் இல்லை. நிலக்கரி எடுத்து முடித்த குழியை மூட அதுதான் வேண்டும். அதைத் திரும்பக் கொட்டி, மேலே நல்ல மண் பரப்பினால்தான் அந்த நிலத்தில் மறுபடி ஏதாவது முளைக்கும். தோண்டிய மண் உதிர்ந்து பெருக்கும் என்பதால் மிச்சம் வரும் என்பது சரி. அந்த மிச்சத்தை எடுங்க. குழிக்குப் போக வேண்டியதை லாரியில் ஏற்றினால், கொள்ளிடத்தை மூட நெய்வேலியைத் திறந்துவிட்ட கணக்காகும். இப்போதைய ஆலை சில லட்சம் கன மீட்டர் அளவிலானது, அகற்றுவது கோடிக் கணக்கில், அதனால் இன்றைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வியாபாரம் சூடுபிடித்த பிறகு விதி போடுவதைவிட இப்போதே போடுவது சுலபம்.

என்ன விதி? என்னைக் கேட்டால் இரண்டு. ஏற்கெனவே குவிந்து நிற்கும் பழைய மேடுகளிலிருந்து மட்டும் மணல் எடுக்கணும், புதுச் சுரங்கத்தின் அனுமதி விண்ணப்பத்தில் மணல் வருமானத்தை நன்மையாகக் காட்டக் கூடாது. அப்புறம், நெய்வேலியிலிருந்து டெல்டாவுக்கு எத்தனை யூனிட் வந்ததோ அத்தனை யூனிட் கொள்ளிடம் குவாரி அனுமதியில் குறைக்கணும். ஆற்றுமணல் எடுப்பதை 2003-லிருந்து அரசுதான் கையில் வைத்திருக்கிறது, கணக்கு எழுத முடியாதா என்ன? இரண்டாவது விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? நெய்வேலி மணலும் விற்கும், ஆற்று மணலும் விற்கும், வீடு இன்னொரு மாடி ஏறும். எம்-சாண்ட் வந்தபோது நடந்தது அதுதானே.

"அப்ப வேலை?" என்று நெய்வேலி நண்பன் ஒருவன் கேட்டான். அவன் அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நியாயமான கேள்விதான். பழைய மேட்டைப் பிரித்து மணல் கழுவி, பிளாக் வார்த்து, பேவர் வார்த்து விற்பதற்கு ஆள் வேண்டும், சுரங்கம் வற்றிய பிறகும் பல வருஷம் வேண்டும். கோலாரில் மூடிய மறுநாள் ஆள்களுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. மேடு மட்டும் இருந்தது. நெய்வேலியில் அந்த மேடே வேலையாக முடியும், இப்போது தொடங்கினால். அவன் முழுசா ஒத்துக்கவில்லை. "உனக்கு ஆறு, எனக்கு பிஎஃப்" என்றான். விவாதம் இன்னும் மெஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேர்ட் இயர் ஆள்களுக்கு அடுத்த மாதம் தலைப்புப் பதிவு. ஒரு டீமாவது இதை எடுங்க, இப்படிச் செய்யுங்க. நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்து ஆள் ஒருத்தர், டெல்டா ஆள் ஒருத்தர் டீமில் இருக்கணும். மணல் எந்த அடுக்கு என்று எழுதி வாங்குங்க. க்யூப் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை, கூடவே கந்தக அளவும் வண்டல் அளவும் பாருங்க. லாரி வாடகை சேர்த்து பாபநாசத்தில் இறங்கும்போது யூனிட் என்ன விலை என்று போடுங்க. பிறகு ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, நாலு அடிக்கு நாலு அடி மூணு பேனல் பூசச் சொல்லுங்க: ஒன்று ஆற்று மணல், ஒன்று எம்-சாண்ட், ஒன்று நெய்வேலி. எது எது என்று அவருக்குச் சொல்லாதீங்க. அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுங்க. பேனலை வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வெளியிலேயே விட்டுவிட்டு, தை மாசம் போய் ஒரு ஆணியால் கீறிப் பாருங்க. வைவாவுக்கு அந்த போட்டோவையும் எடுத்துட்டுப் போங்க.